உசனார் கவிழ்த்த கிடாரம்

உசனாருக்கு விசர், முழுப் பைத்தியம் என்று சொல்லாத ஆள் அந்த ஊரில் இல்லை. ரமழான் நாளில், நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குக்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது, ஊரே டின்னும் வாளியுமாக வரிசையில் நிற்கையில், கொதிக்கக் கொதிக்கக் கஞ்சிக் கிடாரத்தைக் கவிழ்த்து மண்ணில் ஊற்றினவனை வேறென்ன சொல்வது என்று கேட்பார்கள். கேட்கட்டும். நடந்ததை முதலில் இருந்து சொல்லிவிட்டு, விசர் யாருக்கு என்று பிறகு பார்ப்போம்.

புத்தளத்திலிருந்து எலுவன்குளத்துப் பக்கம் போகிற பாதையில், கடல்நீர்க் களப்பை ஒட்டிய சின்ன ஊர் அது. உசனார் உப்பளத்தில் கூலிக்கு நிற்கிறவர். வெயிலில் வெந்து வெந்து கறுத்த மனிதன். வருசத்தில் பதினொரு மாதம் அவரை யாரும் கண்டுகொள்வதில்லை. மேஸ்திரி ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்பார், கடைக்காரன் ஏசினாலும் கேட்டுக்கொண்டு நிற்பார். ரமழான் பிறை கண்டுவிட்டால் போதும், ஆளே மாறிப்போவார். அந்த ஒரு மாதம் பள்ளிவாசல் கஞ்சிக்கு அவர்தான் பொறுப்பு. பதினொரு மாதமாக வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சை எல்லாம் அந்த ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார். உள்ளி உரிக்க வந்தவனுக்கு ஏச்சு. ஈர விறகு கொண்டுவந்தவனுக்கு ஏச்சு. காற்று திசை மாறினால் காற்றுக்கும் ஏச்சு.

ஊர் அதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அவருடைய கைதான். நோன்போடு சமைக்கிறவன் ருசி பார்த்து விழுங்க முடியாது. மற்றவர்கள் நாக்கு நுனியில் வைத்துத் துப்புவார்கள். உசனார் அதுவும் செய்வதில்லை. ஆவியை ஒருதரம் மோந்து பார்ப்பார். "உப்புக் காணாது," என்பார். போடுவார். சரியாக இருக்கும். இரம்பை இலையும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சிக்காகப் பக்கத்து ஊரில் இருந்தும் மோட்டார் சைக்கிளில் டின் வரும். பெரிய துடுப்பைக் கையில் பிடித்துக் கிடாரத்துக்கு முன்னால் நிற்கும்போதுதான் தான் ஒரு மனிதன் என்ற நினைப்பு உசனாருக்கு வரும். அந்தத் துடுப்பை விட்டால் அவருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

இந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. களப்பு உப்பு உள்ளே ஏறிப் பள்ளிக் கிணறு உவர்த்துப் போனது. பள்ளித் தலைவர் ஜபார் ஹாஜியார் தண்ணீர் ஏற்றுகிற தன்னுடைய பவுசர் லொறியைத் தர்மத்துக்கு விட்டார். நல்ல மனிதர்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தர்மம் செய்கிறவரின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க ஊரில் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை என்பதும் உண்மை. பவுசரை ஓட்டுகிறவன் அவருடைய மருமகன் றிஸ்மின். உள்ளே காட்டோரம் வற்றிச் சுருங்கிக் கிடந்த ஒரு குளத்தில் இருந்து தண்ணீர் இழுத்துவந்து பள்ளிப் பீப்பாக்களை நிரப்பினான்.

தண்ணீர் பச்சை. சும்மா பச்சை இல்லை, பெயின்ட் கரைத்த பச்சை. மேலே நுரை மாதிரி ஆடை கட்டியிருந்தது. புல் அழுகின வாடை வேறு.

"இது என்னடா?" உசனார் றிஸ்மினைப் பிடித்துக்கொண்டார். "மாடு குளிச்ச தண்ணியையா அள்ளிக்கொண்டு வந்த? நோன்பாளிக்குக் குடுக்கிற கஞ்சிடா இது. ஒன்ட மாமனார்ட ஊட்டுக் கோப்பையில இத ஊத்துவியா?"

சத்தம் கேட்டு ஹாஜியாரே வந்துவிட்டார். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. தோளில் கை வைத்துப் பேசுகிற ஆள். அப்படிப்பட்டவர்களோடு சண்டை பிடிக்கவும் முடியாது.

"உசனார், தண்ணியில தானா மொளச்ச பாசி தண்ணிய நஜீஸ் ஆக்காது. அந்தத் தண்ணியில வுளூச் செய்யலாம், தொழலாம். ஓதின ஆக்கள்ட்ட கேட்டுப் பாருங்க. தொழுகைக்கே கூடும் எண்டா கஞ்சிக்கு என்ன?"

கிதாபுப் பேச்சு வந்தால் உசனாருக்கு வாய் அடைத்துவிடும். ஆனால் நெருப்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுதான் அவருடைய அகங்காரம்.

"சரி, வடிச்சு ஊத்துங்க," என்றார். "ரெண்டு மணித்தியாலம் என்ட நெருப்புல நிண்டா எந்தக் கிருமியும் உசிரோட எழும்பாது. அத நான் பாத்துக்கிறன்."

பழைய சாரத் துணியை நாலாக மடித்து வடிகட்டினார். ஆடை எல்லாம் துணியில் நின்றது. வடிந்த தண்ணீரும் கொஞ்சம் பச்சையாகத்தான் இருந்தது. தேங்காய்ப்பால் விழுந்ததும் அந்த நிறமும் மறைந்துபோனது.

அன்றைக்கு இரவு தராவீஹ் தொழுகையில் முதல் வரிசையில் நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். தொழுகை முடிவதற்குள் பள்ளி முற்றம் முழுக்க ஆட்கள் குந்திக்கொண்டிருந்தார்கள். வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். உசனாரும் வாந்தி எடுத்தார். அவருடைய மனைவி ஸபீனாவுக்குத்தான் எல்லாரையும்விட மோசம். அடிக் கஞ்சி அவளுக்கு விருப்பம் என்று உசனார் வழித்துக்கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். திரீவீலரில் தூக்கிப் போட்டுப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் மஞ்சளித்துவிட்டது, ஈரலில் பட்டிருக்கிறது என்றார் டொக்டர். ஒரு மௌத்தும் விழவில்லை. அது அல்லாஹ்வின் காவல், வேறொன்றும் இல்லை.

பிறகு தொடங்கியது கதை. உசனார் கை கழுவவில்லையாம். இறைச்சி பழசாம். கிடாரம் கழுவாமல் கிடந்ததாம். பீப்பாவைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் எல்லாரும், தண்ணீரைப் பற்றி ஒரு வாய் திறந்ததா? திறக்கவில்லை. தண்ணீர் ஹாஜியாரின் தர்மம், கஞ்சி உசனாரின் கை. எதைப் பிடித்து ஆட்டுவது சுகம் என்று ஊருக்குத் தெரியாதா என்ன? ஜும்ஆ முடிந்ததும் துடுப்பை அவரிடம் இருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

உசனார் கிடாரத்தை இழுத்துவந்து மண்ணும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். முகம் தெரிகிற மாதிரித் தேய்த்து, பள்ளி வாசலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"வாங்க. எங்க அழுக்கு இரிக்கி எண்டு வந்து நக்கிப் பாருங்க. நோன்பு முறியும் எண்டு பயந்தா மஃரிபுக்குப் பொறகு வாங்க. நான் இங்கதான் நிக்கிறன்."

ஒருத்தரும் வரவில்லை. தொழ வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சுகாதாரப் பரிசோதகர் றொமேஷ் பீப்பாவின் அடியில் கிடந்த மிச்சத் தண்ணீரைப் போத்தலில் அடைத்துக்கொண்டு போனார். அது எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் யூஜீனியா என்ற பெண்ணின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கற்பிட்டிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, படித்துப் பல்கலைக்கழகத்தில் தண்ணீரை ஆராய்ச்சி செய்கிறவள். அவளே ஊருக்கு வந்தாள். பள்ளி முற்றத்தில் ஆண்கள் நிற்க, மதில் பக்கம் பெண்கள் நிற்க, எல்லாருக்கும் விளங்குகிற தமிழில் சொன்னாள்.

"கஞ்சியில பிழை இல்ல, இறைச்சியில பிழை இல்ல. சமைச்சவர்ட கையிலயும் பிழை இல்ல. பிழை தண்ணியில. அந்தப் பச்சை இருக்குத்தானே, அது சயனோபக்டீரியா எண்டு ஒரு சாதி, நீலப்பச்சைப் பாசி எண்டும் சொல்லுவாங்க. அதில சில இனம் தன்ட உடம்புக்குள்ள ஒரு நஞ்சு செய்து வச்சிருக்கும். வளையப் பெப்டைட் எண்டு அதுக்குப் பேர்."

பேரைக் கேட்டு ஊர் விழித்தது. அவள் கழுத்தில் கிடந்த செபமாலையைத் தொட்டாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, முன்னால் நின்ற கிழவரின் கையில் இருந்த தஸ்பீஹைக் காட்டினாள்.

"அந்த மணி மாதிரித்தான். சாப்பாட்டில உள்ள புரதமும் இப்படி மணி கோத்ததுதான், ஆனா அதுக்கு நுனி இருக்கு. வயிறு அந்த நுனியப் பிடிச்சு ஒவ்வொண்டாக் கழட்டும். இந்த நஞ்சில ஏழு மணிதான். ரெண்டு நுனியையும் சேத்து முடிச்சுப் போட்ட வளையம். நுனியே இல்ல. வயித்தாலயும் கழட்ட ஏலாது, நெருப்பாலயும் கழட்ட ஏலாது. அப்படியே ஈரலுக்குப் போய் இருந்துகொள்ளும்."

"மிஸ், நான் ரெண்டு மணித்தியாலம் கொதிக்க வச்சன்," என்றார் உசனார்.

"ஓம் நானா," என்றாள், அந்த ஊரார் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. "கொதிச்சா பாசி சாகும், நஞ்சு சாகாது. பாசி உசிரோட இருக்கும் மட்டும் நஞ்சில பெரும்பங்கு அதுக்குள்ளதான் இருக்கும். செத்தா உடைஞ்சு, உள்ள இருந்தது முழுக்கத் தண்ணியில இறங்கிடும். செத்த பாசிதான் மோசம். அத மட்டும் ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க."

ஊர் முன்னால் தன் கை சுத்தம் என்று சொல்லப்பட்டதில் உசனாருக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை. தன்னுடைய நெருப்பே அந்த நஞ்சைப் பிழிந்து எடுத்துக் கஞ்சியில் விட்டிருக்கிறது. அதில் அடிக் கஞ்சியை வழித்து ஸபீனாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எருமை, எருமை என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

யூஜீனியா போகும்போது தன் நம்பரைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறவருக்குக் கண் மஞ்சள் குறையாவிட்டால் சொல்லுங்கள் என்றாள். அந்தக் குளத்துத் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டும் போனாள். ஹாஜியார் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். துடுப்பை எடுத்துவந்து உசனாரின் கையில் கொடுத்தார்.

சில நாள் உவர்க் கிணற்றுத் தண்ணீரிலேயே கஞ்சி காய்ச்சினார். உப்பே போடாமல் காய்ச்சியும் கரித்தது. ஊர் முகம் சுளித்தது. அன்றைக்கு வாந்தி எடுத்த அதே வாய்கள், பவுசர் எப்போது வரும் என்று கேட்டன. ஸபீனா வீட்டுக்கு வந்துவிட்டாள். மெலிந்துபோயிருந்தாள், நோன்பு பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அப்படி இருக்கையில் ஒருநாள் மதியம் லுஹருக்குப் பிறகு உசனார் வந்து பார்த்தால், பீப்பாக்கள் நிறைந்திருந்தன. கண்ணாடி போலத் தண்ணீர். பீப்பாவின் அடி தெரிந்தது. மோந்து பார்த்தார், ஒரு வாடையும் இல்லை. ஹாஜியார் புத்தளத்தில் இருந்து குழாய்த் தண்ணீர் எடுப்பித்திருக்கிறார் என்று நினைத்து, மனதுக்குள் அவருக்குத் துஆவும் செய்தார். அரிசி போட்டார், உள்ளி போட்டார், கோழி போட்டார். அன்றைக்கு அவர் யாரையும் ஏசவில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த றிஸ்மின் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினான்.

"எப்படி நானா தண்ணி? அதே குளம்தான். நான் முந்தல் பக்கம் இறால் பண்ணையில வேலைக்கு நிண்டனே, அங்க பாசி புடிச்சா மயில் துத்தம் போடுவம். அதத்தான் கரைச்சு ஊத்தினன். பாசி முழுக்கச் செத்து அடியில போயிட்டு. பாருங்க, ஒரு சொட்டுப் பச்சை இரிக்கா?"

உசனாரின் கையில் துடுப்பு நின்றுவிட்டது.

செத்த பாசிதான் மோசம். இதே முற்றத்தில், இதே ஊருக்கு முன்னால் சொன்ன பேச்சு. எல்லாரும்தான் கேட்டார்கள். பச்சை கெட்டது என்பதை மட்டும் காதில் போட்டுக்கொண்டு மற்றதைக் களப்பில் விட்டுவிட்டார்கள். உசனார் மதில் ஓரம் போய் யூஜீனியாவுக்குப் போன் எடுத்தார். றிஸ்மின் சொன்னதை அப்படியே சொன்னார்.

"நானா, பச்சையா இருந்ததவிட இதுதான் பயம். பச்சை இருந்தாலாவது ஆக்கள் யோசிப்பாங்க. பரிசோதிக்காம ஒருத்தரும் வாயில வைக்க வேணாம். நான் நாளைக்கு வாறன்."

ஹாஜியார் பள்ளி உள்ளே ஓதிக்கொண்டிருந்தார். உசனார் போய்ச் சொன்னார். முதலில் மெதுவாகத்தான் சொன்னார், அதையும் சொல்ல வேண்டும். ஹாஜியார் எழும்பி வந்து பீப்பாவைப் பார்த்தார், கையில் அள்ளி மோந்தார்.

"நிறம் மாறல்ல. மணம் மாறல்ல. ருசியும் மாறல்ல எண்டு றிஸ்மின் சொல்றான். மூண்டும் சரியா இருந்தா தண்ணி சுத்தம். இது நான் போட்ட சட்டம் இல்ல, உசனார்."

"அது வுளூச் செய்யிற தண்ணிக்கு, ஹாஜியார். ஈரலுக்குள்ள போற தண்ணிக்கு இல்ல."

பக்கத்தில் நின்ற மௌலவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். அந்த வாயை அன்றைக்கு அவர் திறந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

"சனம் வந்து நிக்கிது," என்றார் ஹாஜியார், தோளில் கை வைத்து. "நோன்போட நிக்கிற சனத்த வெறுங்கையோட அனுப்பினா அல்லாஹ்க்குப் பதில் சொல்ல ஏலாது. இண்டைக்குக் குடுங்க. நாளைக்கு மிஸ் வரட்டும், பேசிக்குவம். நீங்களும் ரெண்டு மணித்தியாலம் கொதிக்க வச்சிருக்கீங்கதானே."

கடைசிச் சொல்தான் உசனாரைக் கொளுத்திவிட்டது. தோளில் இருந்த கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தார். வரிசை மதிலைத் தாண்டி ரோட்டு வரைக்கும் நின்றது. பெண்கள் பக்கம் ஸபீனாவும் டின்னோடு நின்றாள், வற்றிப்போன முகத்தோடு.

"எல்லாரும் பின்னுக்குப் போங்க," என்றார். "புள்ளைகளத் தூக்குங்க. இன்னும் பின்னுக்கு."

ஏதோ விறகு சரிகிறது என்று நினைத்து ஊர் விலகியது. உசனார் துடுப்பை அடுப்புக் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். கல் நகரவில்லை. யா அல்லாஹ் என்று முழுப் பலத்தையும் போட்டு இன்னொருதரம் நெம்பினார். துடுப்பு முறிந்தது, கல்லும் உருண்டது. கிடாரம் ஒருபக்கம் சாய்ந்து, கஞ்சி முழுக்க நெருப்பிலும் மண்ணிலும் ஓடியது. புகையும் ஆவியுமாக எழும்பி முற்றமே தெரியாமல் போனது.

பிறகு வந்தது ஏச்சு. பதினொரு மாதமும் வாங்கினதைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. நோன்பாளியின் வயிற்றில் அடித்தவன், நெருப்பில் போவான், ஈமான் இல்லாதவன், விசரன். ஒருவன் சட்டையைப் பிடித்தான். "செத்த பாசி எண்டு அந்தப் புள்ள சொல்லல்லையா? ஒங்கட காதுல என்ன, ஈயமா?" என்று உசனாரும் கத்தினார். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். பேரீச்சம்பழத்தோடு நோன்பைத் திறந்துவிட்டு அவரைத் திட்டிக்கொண்டே தொழப் போனார்கள். பானையில் வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரை ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். உசனாருக்கு அதையும் யாரும் நீட்டவில்லை.

மஃரிப் முடிந்த கையோடு ஹாஜியார் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. விறாந்தையில் பள்ளி நிர்வாகத்தார் எல்லாரும் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். இனி ஒருநாளும் பள்ளி அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று தீர்மானம். ஹாஜியாரே அதைச் சொன்னார், வருத்தமாகத்தான் சொன்னார். உசனார் நின்றுகொண்டே கேட்டார். ஒரு பேரீச்சம்பழத்தைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது.

"இவருக்குத் தண்ணி குடுங்க," என்றார் ஹாஜியார் உள்ளே பார்த்து.

அவருடைய மகள் ஜுமானா, றிஸ்மினின் மனைவி, ஒரு கிளாஸ் கொண்டுவந்தாள். உசனார் ஒரே மூச்சில் குடித்துவிட்டு கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எங்க எடுத்த தண்ணி, மகள்?"

"பயப்படாதீங்க மாமா, போத்தல் தண்ணிதான். அண்டைக்கு எல்லாருக்கும் வயித்து வருத்தம் வந்ததில இருந்து வாப்பா இதத்தான் எடுப்பிக்கிற," என்றாள் அந்தப் பிள்ளை, ஒன்றும் அறியாமல்.

கதவுச் சீலை விலகியிருந்தது. உள்ளே சுவரோரம் பெரிய நீலப் போத்தல்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். கதிரையில் இருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஹாஜியார் தன் கால் பெருவிரலைப் பார்த்தார்.

"ஒங்கட மூண்டு சட்டமும் இந்த ஊட்டு வாசப்படியோட முடிஞ்சு போச்சா, ஹாஜியார்?" என்று கேட்டார் உசனார். கிளாஸை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

ஊரில் ஒருத்தருக்கும் அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் ஒருத்தரும் உசனாரை நம்பவில்லை. மறுநாள் யூஜீனியா வந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள், முடிவு வரப் பெருநாள் தாண்டிவிடும் என்றாள். விசரன் என்ற பேர் அப்படியே நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

யூஜீனியா வந்துபோன அன்று பின்னேரம் உசனார் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. பாங்குக்குக் கொஞ்சம் முந்தி ஸபீனா டின்னோடு வந்தாள்.

"ஆரு காச்சின?"

"றிஸ்மினும் இன்னும் ரெண்டு பேரும்."

"எந்தத் தண்ணி?"

"நீலப் போத்தல் தண்ணி. ஹாஜியார் லொறியில ஏத்தி அனுப்பியிருக்கார். பவுசர் வந்து ஹோர்ன் அடிச்சிச்சு, ஒரு ஊட்டில இருந்தும் வாளி வெளிய வரல்ல. அப்படியே திரும்பிப் போயிட்டு."

"அப்ப நான் சொன்னது சரி எண்டு வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன இந்த நாய்களுக்கு?"

"ஆரு சொல்லுவா?" என்றாள் ஸபீனா. கோப்பையில் கஞ்சியை ஊற்றி அவருக்கு முன்னால் வைத்தாள். "பாங்கு சொல்லுது, தொறங்க."

உசனார் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். கோப்பையைத் தூக்கி ஆவியை மோந்தார். முகம் சுருங்கியது.

"உப்புக் கூடிப்போச்சு," என்றார். "உள்ளியும் வேகல்ல. ஒரு மயிரும் தெரியாதவனுகள்ட கையில குடுத்திருக்கானுகள்."

ஏசிக்கொண்டே குடித்தார். இன்னும் இருக்கா என்று கேட்டு வாங்கி, டின்னின் அடியையும் வழித்துக் குடித்தார்.